பெட்டியின் அடியில் ஒரு மஞ்சள் அட்டை

கணக்கெடுக்க வந்த பெண்ணுக்கு வழிகாட்டியாகப் போகச் சொன்னபோது முதேசி மூன்று சாக்குச் சொன்னாள். இடுப்பு வலி என்றாள். நிலக்கடலைக் கொல்லையில் களை மண்டிக் கிடக்கிறது என்றாள். கடைசியாக, இரண்டு வயது மகன் கிருண்டாவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றாள். அந்த நேரம் பார்த்து அவளுடைய தங்கை கிருண்டாவை முதுகில் கட்டிக்கொண்டு, ஊர்த் தலைவரின் கண்ணுக்கெதிரே பாடிக்கொண்டு போனாள்.

“அதோ போகுது பாரு ஆளு,” என்றார் தலைவர். “இந்த ஊருல எந்தப் புள்ளைக்கு எப்போ ஒடம்பு சுட்டுதுன்னு ஒன்னை விட்டா யாருக்கும்மா தெரியும்? முசாவோவே இடுப்பு வலின்னு ஒக்காந்துட்டா நாங்கல்லாம் எங்க போறது?”

முசாவோ என்றால் வைத்தியர். முதேசி வைத்தியரும் அல்ல, தாதியும் அல்ல. ஐந்து நாள் பயிற்சியும் ஒரு நீலச் சட்டையும் பூட்டுப் போட்ட ஒரு மரப்பெட்டியும் கொடுத்து, சம்பளம் என்ற பேச்சையே எடுக்காமல் அனுப்பிவைக்கப்பட்ட ஊர் சுகாதாரத் தொண்டர், அவ்வளவுதான். ஆனால் ஏரிக்கரையில் இருந்த அந்த ஊருக்கு அரசாங்க சுகாதார நிலையம் பதினோரு கிலோமீட்டர். முதேசியின் பெட்டியோ நாலு முற்றம் தாண்டினால் வந்துவிடும். விரலில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், சோதனைப் பட்டையில் இரண்டு கோடு விழுந்தால் மலேரியா. உடனே பெட்டியிலிருந்து ஒரு மஞ்சள் அட்டை. ஆறு மாத்திரை, காலையில் ஒன்று மாலையில் ஒன்று, மூன்று நாள். இதையெல்லாம் காசு வாங்காமல் செய்கிறவளை ஊர் முசாவோ என்று கூப்பிட்டதில் தப்பில்லை. தப்பு வேறு இடத்தில் இருந்தது. அது முதேசிக்கு மட்டும்தான் தெரியும்.

கணக்கெடுக்க வந்தவள் பெயர் நன்சுபுகா. தலைநகரான கம்பாலாவிலிருந்து வந்த பெண். மழை விட்ட மறுநாள் வெள்ளைக் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வந்து இறங்கியிருந்தாள். முதல் வாய்க்கால் தாண்டும்போதே இரண்டு ஷூவும் செம்மண் நிறமாகிவிட்டன. வேறு நாளாயிருந்தால் முதேசி அதை வைத்தே அரைமணி நேரம் கிண்டல் செய்திருப்பாள். இன்றைக்கு வாயைத் திறக்காமல் முன்னால் நடந்தாள்.

“எந்தெந்த வீடுன்னு கம்ப்யூட்டரே பொறுக்கி எடுத்துக் குடுத்துடும் அக்கா,” என்று கையிலிருந்த டேப்லெட்டைத் தட்டினாள் நன்சுபுகா. “அஞ்சு வயசுக்குக் கீழ புள்ளைங்க இருக்கணும். போன பதினாலு நாளுக்குள்ள காய்ச்சல் வந்துச்சா, வந்தா மொதல்ல எங்க போனீங்க, என்ன மருந்து, எத்தனாவது நாள் குடுத்தீங்க. இவ்வளவுதான்.”

“இவ்வளவுதானா,” என்றாள் முதேசி.

முதல் வீடு வைஸ்வாவின் அம்மாவுடையது. அவளுக்கு ஐந்து பிள்ளைகள், ஊருக்கே கேட்கிற குரல். வைஸ்வாவுக்குப் போன வாரம் காய்ச்சல் வந்தது உண்மை. நன்சுபுகா கேட்டாள், மொதல்ல எங்க போனீங்க?

“எங்கயும் போகலியே. வீட்டுலயே மாத்திரை இருந்துச்சு. போன தடவை மூணு மிச்சம் புடிச்சு வெச்சிருந்தேன்.” சொல்லிவிட்டு முதேசியைப் பார்த்துச் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ முசாவோ, திட்டாதீங்க! புள்ள எந்திரிச்சு ஆட்டுக்குட்டிய வெரட்ட ஆரம்பிச்சுட்டான். அதுக்கப்புறமும் மாத்திரைய முழுங்க வெச்சா வீண்தானே? நாளைக்கு ஒங்க பெட்டில இல்லேன்னா?”

ஆறையும் முடிக்கணும், மிச்சம் பிடிக்கக் கூடாது என்று முதேசி இந்த முற்றத்தில் நின்று எத்தனை தடவை தொண்டை வற்றக் கத்தியிருக்கிறாள். இன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. வைஸ்வாவின் அம்மாவுக்கு அதுவே பயமாக இருந்தது. “என்ன முசாவோ, ஒடம்புக்கு என்ன?” என்றாள்.

வெளியே வந்ததும் நன்சுபுகா டேப்லெட்டைப் பார்த்து அடுத்த பெயரைப் படித்தாள். “ககோயா. யாரு அக்கா அது?”

“எங்க வேலிக்கு அந்தப் பக்கம்.”

முதேசி மனதுக்குள் நாள் எண்ணினாள். திங்கட்கிழமையிலிருந்து இன்றோடு பன்னிரண்டு. இந்தக் கம்பாலாப் பெண் மூன்று நாள் கழித்து வந்திருந்தால் பதினாலு தாண்டியிருக்கும். கேள்வியே எழுந்திருக்காது. கேள்வி எழாவிட்டால் நடந்தது நடக்காமல் போய்விடுமா என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டு, நடையை இன்னும் மெதுவாக்கினாள்.

அந்தத் திங்கட்கிழமை காலை ககோயா பெரியவளை முதுகிலும் எட்டு மாதக் கைக்குழந்தையை இடுப்பிலும் வைத்துக்கொண்டு தூறலில் வந்தாள். அவளுக்கு இருபத்து மூன்று வயது. புருஷன் மீன்பிடிக்கத் தீவுக்குப் போனால் மாதக்கணக்கில் வரமாட்டான். இரண்டு பிள்ளைச் சுமையோடும் அவள் முழங்கால் மண்ணில் படும்படி மண்டியிட்டுத்தான் வணக்கம் சொன்னாள். வயதில் மூத்தவர்களுக்கு மண்டியிடுவது அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. ககோயா அதில் ஒருபடி மேலே. முதேசிக்கு அவள் வைத்த மரியாதையை மாமியாருக்குக்கூட வைத்ததில்லை.

பெரியவள் திபிவா. இரண்டரை வயது, வாயாடி. தினமும் வேலி இடுக்கில் தலையை நீட்டி, “முசாவோ, இன்னிக்கு என்ன திங்கிறீங்க?” என்று விசாரிக்காமல் அவளுக்குப் பொழுது விடியாது. அன்றைக்கு அவள் எதுவும் கேட்கவில்லை. உடம்பு கொதித்தது. பட்டையில் இரண்டு கோடும் பளிச்சென்று விழுந்தன.

முதேசி பெட்டியைத் திறந்தாள். திறந்த மூடி, பெட்டிக்குள் இருப்பதை ககோயாவின் கண்ணிலிருந்து மறைத்தது. மேல்தட்டு காலி. மூன்று வாரமாக மேலிடத்திலிருந்து மருந்து வரவில்லை, ஊருக்கே தெரியும். ஆனால் அடித்தட்டில், பழைய துணி ஒன்றுக்குக் கீழே, ஒரே ஒரு மஞ்சள் அட்டை இருந்தது. அது கிருண்டாவுக்கு.

அதற்கு ஒரு கதை உண்டு. போன மழைக்காலத்தில் கிருண்டாவுக்குக் காய்ச்சல் வந்தபோது பெட்டி காலியாக இருந்தது. இருந்த கடைசி அட்டையை முந்தின நாள்தான் யாருக்கோ கொடுத்திருந்தாள். ஊருக்கெல்லாம் மாத்திரை கொடுத்தவள் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைகடையாக அலைந்தாள். கடைசியில் ஆஸ்பத்திரியில் அவனுக்கு ரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று. அன்றைக்குக் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு அவள் சத்தியம் செய்தாள், இனி எது வந்தாலும் ஓர் அட்டை பெட்டியை விட்டு வெளியே போகாது என்று. பெற்றவள் செய்த சத்தியம். அதை யார் குறை சொல்வது?

“தீந்து போச்சு ககோயா,” என்றாள் முதேசி.

அதற்கு முந்தின வாரம் நாலு பேரிடம் இதையே சொல்லியிருந்தாள். நாலு பிள்ளைகளும் எங்கெங்கோ போய் எப்படியோ தேறிவிட்டன. அதனால் ஐந்தாவது தடவை அது பொய்யாகவே தோன்றவில்லை. மூடியைச் சாத்திவிட்டு, சுகாதார நிலையத்துக்கு ஒரு சீட்டு எழுதினாள். முத்து முத்தான கையெழுத்தில் எழுதினாள்.

“இந்தச் சேத்துல பதினோரு கிலோமீட்டர், ரெண்டையும் தூக்கிட்டு... அங்கயும் தீந்து போச்சுன்னா என்னக்கா பண்றது?”

“அங்க இருக்கும்.” அங்கே இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியாது.

ககோயா சீட்டை மடித்து மாராப்பில் செருகிக்கொண்டு, மறுபடி மண்டியிட்டு, “நன்றிக்கா,” என்று சொல்லிவிட்டுப் போனாள். சுகாதார நிலையத்துக்குப் போகவில்லை. சந்தைத் தெருவில் எசேசாவின் மருந்துக்கடைக்குப் போனாள். எசேசாவிடம் கத்தரிக்கோல் உண்டு. கையில் இருக்கிற காசுக்கு எத்தனை வருமோ அத்தனை மாத்திரையை வெட்டிக் கொடுப்பாள். ஏதோ வெள்ளை மாத்திரை மூன்று, சிவப்பு மருந்து ஒரு பாட்டில். காய்ச்சல் ஒரு நாள் தணிந்தது. முதேசி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, “இப்ப எப்படி இருக்கு?” என்றாள். “பரவால்லக்கா,” என்ற பதில் வந்ததும், பார்த்தாயா, நம் சத்தியமும் கெடவில்லை, அவள் பிள்ளையும் தேறிவிட்டது என்று முதேசியின் மனது சொல்லிக்கொண்டது. அப்படிச் சொல்லிக்கொண்டதை நினைத்தால்தான் இப்போது அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

புதன்கிழமை பட்டப்பகலில் ககோயாவின் அலறல் கேட்டது. முதேசி ஓடினாள். முற்றம் நிறைய ஆட்கள். திபிவாவின் கை கால் வெட்டி வெட்டி இழுத்தது, கண் மேலே செருகிவிட்டது. ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தி இலையைக் கொளுத்திப் புகை போட்டுக்கொண்டே சொன்னாள்:

“தலைக்கு மேல பறந்த பறவை அடிச்சு வந்த வலிப்பு இது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடாதீங்க, ஊசி போட்டா அங்கயே உசுரு போயிடும். மூலிகைக்காரருக்கு ஆள் அனுப்பியாச்சு.”

முதேசி குடத்துத் தண்ணீரை அந்த நெருப்பில் கொட்டினாள். “ஊசி போட்டா சாகமாட்டா! போடாட்டிதான் சாவா! நகருங்கடி!” பிள்ளையைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். பலாப்பழம் ஏற்றிக்கொண்டு வந்த மோட்டார் சைக்கிளை நடுரோட்டில் நின்று மறித்தாள். “எறக்குடா பழத்தை!” அவன் தயங்கியபோது தானே கயிற்றை அவிழ்த்துவிட்டாள். ஏழு பலாப்பழம் உருண்டு பள்ளத்தில் விழுந்தன. திபிவாவையும் ககோயாவையும் ஏற்றிக்கொண்டு மாவட்ட ஆஸ்பத்திரி வரைக்கும் போய்ச் சேர்ந்தாள்.

திபிவா பிழைத்துக்கொண்டாள். ஊர் கொண்டாடியது. பலாப்பழக்காரன் போகிற இடமெல்லாம் அந்தக் கதையைச் சொன்னான். ஒவ்வொரு தடவையும் பழத்தின் எண்ணிக்கை கூடியது. கோயிலில் போதகர் முதேசியின் பெயரைச் சொல்லி ஜெபித்தார். முதேசி கடைசி வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். என்ன அடக்கம் என்றார்கள்.

ஏழாம் நாள் வீடு திரும்பிய திபிவா பேசவில்லை. இடது கையில் கொடுத்த சோளக்கதிர் நழுவி விழுந்தது. பேச்சு வரலாம், வராமலும் போகலாம், காய்ச்சல் தலைக்கு ஏறிவிட்டது, ஒன்றிரண்டு நாள் முன்னால் சரியான மருந்து கிடைத்திருந்தால் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ககோயா அதை முதேசியிடம் வந்து அப்படியே ஒப்பித்தாள். அதற்குள் மேலிடத்திலிருந்து இருபத்துநாலு அட்டை வந்து சேர்ந்திருந்தது. கிருண்டாவுக்கோ ஒரு தும்மல்கூட வரவில்லை. துணிக்குக் கீழே இருந்த அட்டையை முதேசி தொடவில்லை. வேறு பிள்ளைக்குக் கொடுக்கவும் கை வரவில்லை, ஏரியில் எறியவும் மனம் வரவில்லை. தினமும் பெட்டியைத் திறக்கும்போது அந்தத் துணியைப் பார்க்காமல் இருக்கக் கற்றுக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ககோயா முற்றத்தில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். இருவரையும் கண்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். விருந்தாளிக்குத்தான் முதலில் மண்டியிட வேண்டும். அவள் நேராக முதேசியிடம் வந்து இரண்டு முழங்காலையும் தரையில் ஊன்றினாள்.

“எழுந்திரு ககோயா. வந்தவங்களைக் கவனி,” என்றாள் முதேசி. அவளுக்குக் காது மடல் எரிந்தது.

பாய் வந்தது. அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கடலைக் குழம்பில் போட்ட பொடிமீனும் வந்தன. திபிவா கதவு நிலையில் சாய்ந்து நின்று முதேசியைப் பார்த்தாள். சும்மா பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

“விதிப்படி தனியாத்தான் கேக்கணும்,” என்றாள் நன்சுபுகா. “அக்கா, நீங்க கொஞ்சம் அந்தப் பலா மரத்தடில இருக்கீங்களா?”

முதேசி சட்டென்று எழுந்தாள். ககோயா அவளுடைய பாவாடையைப் பிடித்து இழுத்தாள். “இவங்களுக்குத் தெரியாத எது என் வீட்டுல இருக்கு? இவங்க இல்லேன்னா நீங்க கேக்கறதுக்குப் புள்ளையே இருந்திருக்காது. ஒக்காருங்கக்கா.”

நன்சுபுகா தோளைக் குலுக்கிவிட்டு ஆரம்பித்தாள். பெயர், வயது, கொசுவலை உண்டா. பிறகு அது வந்தது.

“போன பதினாலு நாளுக்குள்ள திபிவாவுக்குக் காய்ச்சல் வந்துச்சா?”

“வந்துச்சு. சாகக் கெடந்தா.”

“மொதல்ல எங்க போனீங்க?”

“வேற எங்க? இவங்ககிட்டதான். விடிஞ்சதும் போயிட்டேன்.”

“மருந்து கெடைச்சுதா?”

“இல்ல. தீந்து போயிருந்துச்சு. பாவம் இவங்க என்ன பண்ணுவாங்க, மேலிடத்துல இருக்கறவன் மருந்து அனுப்பினாத்தானே. எழுதுங்க, மேல இருக்கறவனைப் பத்தி நல்லா எழுதுங்க. சீட்டு எழுதிக் குடுத்தாங்க. நாந்தான் கழுதை, நடக்க முடியாம எசேசா கடைக்குப் போயிட்டேன். எம்மேலதான் தப்பு. தெனமும் அதை நெனச்சுத்தான் நான் தூங்கறதில்ல.”

முதேசிக்குக் கையிலிருந்த கிழங்கு கனத்தது. ககோயா தூங்குவதில்லை என்பது அவளுக்குத் தெரியாது. தன் குற்றத்தைத் தான் மட்டும் சுமக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அதில் பாதியை இந்தப் பெண் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு அலைகிறாள்.

“இவங்களைப் பத்தியும் எழுதுங்க,” என்றாள் ககோயா. “அன்னிக்கு ஒரு அட்டை இருந்திருந்தா, கிருண்டாவுக்கு வேணுமேன்னுகூடப் பாக்காம எங்கிட்ட குடுத்திருப்பாங்க. அப்படிப்பட்ட மனுஷி.”

“இல்ல,” என்றாள் முதேசி.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“இருந்துச்சு. ஒண்ணு இருந்துச்சு.”

நன்சுபுகாவின் விரல் டேப்லெட்டின் மேல் அப்படியே நின்றது. ககோயா புரியாமல் சிரித்தாள். “எது இருந்துச்சு?”

“அட்டை.”

“எங்க?”

“பெட்டிலதான். அடில, துணிக்குக் கீழ.”

“நான் மண்டி போட்டுட்டு இருந்தப்பவா?”

“ஆமா.”

ககோயாவின் முகத்திலிருந்து சிரிப்பு உடனே போகவில்லை. போக வழி தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. “யாருக்கு வெச்சிருந்தீங்க?”

“கிருண்டாவுக்கு.”

“கிருண்டாவுக்குக் காய்ச்சல் வந்துச்சா?”

“வரல.”

“அப்போ இன்னும் இருக்கா அது?”

“இருக்கு.”

கைக்குழந்தை சிணுங்கியது. ககோயா அதைத் தூக்கி மாரில் போட்டுக்கொண்டாள். என்னை அடித்துவிடேன் என்று முதேசி மனதார வேண்டிக்கொண்டாள். தலைமயிரைப் பிடித்து இழுத்துத் தெருவில் போட்டு மிதித்தால்கூட அவளுக்கு அப்போது உபகாரமாக இருந்திருக்கும்.

நன்சுபுகாதான் முதலில் பேசினாள். “மருந்து ஏன் கெடைக்கலைன்னு கேள்வி. தீந்து போச்சு, தொலைவு, காசு இல்ல, இவ்வளவுதான் இருக்கு. இதுக்குக் கட்டமே இல்லையே. நான் என்னன்னு போடறது?”

“தீந்து போச்சுன்னே போடு,” என்றாள் ககோயா.

“ககோயா...” என்றாள் முதேசி.

“நீங்க பேசாதீங்க.” அவள் நன்சுபுகாவைப் பார்த்தே பேசினாள். “வேற ஏதாவது எழுதினா பெட்டியப் புடுங்கிட்டுப் போயிடுவாங்க. போனா இந்த ஊருக்கு வேற யாரு வருவா? எனக்கு இன்னொண்ணு இருக்கு, பாரு, பால் குடிக்குது. நாளைக்கு இதுக்கு ஒடம்பு சுட்டா நான் எங்க போறது? மறுபடி எசேசாவோட கத்தரிக்கோலுக்கா? பதினோரு கிலோமீட்டரா? எனக்குக் கோவப்படக்கூட வசதி இல்லம்மா. தீந்து போச்சுன்னு போடு.”

நன்சுபுகா எதையோ தட்டினாள். எந்தக் கட்டத்தைத் தட்டினாள் என்று முதேசி பார்க்கவில்லை.

புறப்படும்போது ககோயா நன்சுபுகாவுக்கு முறையாக மண்டியிட்டு, நல்லபடியா போயிட்டு வாங்க என்றாள். பிறகு எழுந்து, குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, முதேசிக்கு எதிரில் நின்றாள். நின்றபடியே இருந்தாள். முதேசி கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் போனாள்.

நடந்ததை அன்று மாலை புருஷன் முவோந்தாவிடம் சொன்னாள். கரும்புத் தோட்டத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். “ஏன் சொன்னே? அந்தப் புள்ளைக்குப் பேச்சு வந்துடுச்சா? ஒனக்கு மனசு லேசாகணும்னு அவ தலைல கல்லைத் தூக்கிப் போட்டுட்டு வந்திருக்கே.”

“தப்பு தன்னோடதுன்னு நெனச்சுட்டு இருந்தாய்யா அவ.”

அவன் மறுபடி குனிந்து மற்றக் காலைக் கழுவினான். அவன் கேட்டது மட்டும் முதேசியை விடவில்லை. மனது லேசாகவும் இல்லை.

ஆறு நாள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ககோயா யாரிடமும் எதையும் சொல்லவில்லை என்பது, ஊர் இன்னும் முதேசியை முசாவோ என்று கூப்பிட்டதிலிருந்தே தெரிந்தது. கிணற்றடிக்கு ககோயா வந்தால் முதேசி விலகி வழிவிட்டாள். ககோயா தண்ணீர் எடுத்துக்கொண்டு போனாள். அவ்வளவுதான். இரண்டு தடவை முதேசி கூடை நிறையக் கடலையை வேலியோரம் வைத்துவிட்டு வந்தாள். இரண்டு தடவையும் கூடையை யாரும் எடுக்கவில்லை. இரண்டாவது தடவை கோழிகள் தின்றுவிட்டன.

ஏழாம் நாள் காலை, முதேசி முற்றம் கூட்டிக்கொண்டிருந்தபோது ககோயா வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. பின்னால் பாவாடையைப் பிடித்துக்கொண்டு திபிவா. ககோயா மண்டியிடவில்லை, அக்கா என்று கூப்பிடவும் இல்லை.

“நேத்து சாயங்காலத்துலேர்ந்து சுடுது,” என்றாள்.

முதேசி துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய் கை கழுவி வந்தாள். குழந்தையின் விரலைக் குத்த அவள்தான் ககோயாவின் காலடியில் மண்டியிட வேண்டியிருந்தது. குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைப் பட்டையில் விட்டாள். பட்டையைத் தரையில் வைத்துவிட்டு மூவரும் காத்திருந்தார்கள். பதினைந்து நிமிஷம் ஆயிற்று. இரண்டு கோடு விழுந்தது.

முதேசி பெட்டியின் பூட்டைத் திறந்து மூடியைத் தூக்கினாள்.

“கவுத்துக் காட்டுங்க,” என்றாள் ககோயா.

“என்ன?”

“பெட்டிய. எல்லாத்தையும் கீழ கொட்டுங்க. நான் பாக்கணும்.”

முதேசி பெட்டியைத் தூக்கிப் பாயின் மேல் கவிழ்த்தாள். மஞ்சள் அட்டைகள், சோதனைப் பட்டைகள், பஞ்சு, கையுறை, வயிற்றுப்போக்குக்கான உப்புப் பொட்டலம், பென்சில் துண்டு எல்லாம் விழுந்தன. கடைசியாகப் பழைய துணி விழுந்தது. அதற்குள்ளிருந்து ஓர் அட்டை நழுவியது. மற்றதெல்லாம் புத்தம் புதியது. இது மட்டும் மூலை மடங்கி, ஓரத்தில் பெட்டி ஆணியின் துருக்கறை படிந்திருந்தது.

ககோயா அதையே பார்த்தாள். “இதுதானா?”

“இதுதான்.”

“கெட்டுப் போயிடுச்சா?”

முதேசி பின்பக்கத்துத் தேதியைத் திருப்பிப் பார்த்தாள். எழுத்து கலங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தாள். “இல்ல. இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. ஆனா புதுசு இவ்வளவு கெடக்கே, இதுல ஒண்ணு எடுத்துக்கோ. அது வேண்டாம்.”

ககோயா குனிந்து அந்த மடங்கின அட்டையைத் தானே எடுத்தாள். “இது எங்க வீட்டுக்கு வரவேண்டியதுதானே,” என்றாள்.

முதல் மாத்திரையை முதேசியின் கண்ணெதிரே, தாய்ப்பாலைக் கரண்டியில் பீய்ச்சிக் கரைத்துக் கொடுத்தாள். குழந்தை துப்பியதை விரலால் வழித்து மறுபடி ஊட்டினாள். எல்லாம் முதேசி சொல்லிக்கொடுத்த முறைதான், ஒரு பிசகில்லை. மீதி ஐந்தை மாராப்பில் முடிந்துகொண்டு திரும்பி நடந்தாள்.

திபிவா உடனே போகவில்லை. பாயில் கொட்டிக் கிடந்ததையெல்லாம் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். வலது கையால் பென்சில் துண்டை எடுத்து முதேசியிடம் நீட்டினாள். வாய் திறந்து, ஏதோ வரப்போவது போல் இருந்து, வராமலே மூடிக்கொண்டது. அம்மா கூப்பிட்டதும் ஓடிவிட்டாள்.

முதேசி அன்றைக்குப் பெட்டியைப் பூட்டவில்லை. அதற்குப் பிறகு எந்தத் தாய் வந்தாலும், பேசத் தொடங்குவதற்கு முன்னால் பெட்டியைப் பாயில் கவிழ்த்துவிட்டுத்தான் உட்காருவாள். ஊருக்கு அது வேடிக்கையாக இருந்தது. முசாவோவுக்கு வயதாகிறது, எல்லாவற்றையும் கொட்டிக் கொட்டித் தேடுகிறாள் என்றார்கள். ககோயா மட்டும் சிரிக்கவில்லை, மண்டியிடவும் இல்லை. பிள்ளைக்கு உடம்பு சுட்டால் வந்தாள்.